அப்பாவின் காலில் செயற்கைக் குழாய்: 12 லட்சத்தை எங்கே வைப்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது, சர்க்கரை நோயாளி. ஐந்து மாதத்துக்கு முன் வலது காலில் பைபாஸ் செய்து செயற்கை ரத்தக்குழாய் வைத்தார்கள். 5 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஓய்வுப் பணம் 12 லட்சத்தையும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாமா? பிரீமியம் ஏறிவிட்டதால் பாலிசியை விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கலாமா?

பதில்: முழுத் தொகையையும் போடாதீர்கள். செயற்கைக் குழாயில் ரத்தம் உறைந்து திடீரென அடைக்கலாம். கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் சில மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பணத்தைப் பற்றி யோசிக்கவே கூடாது, கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, கிருமித் தொற்று. மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்தும் வரும். தொடை இடுக்கில் சிவந்து சீழ் கசிந்தால், பெரும்பாலும் குழாயையே எடுத்துவிட்டு வேறு வழியில் ரத்தம் போக ஏற்பாடு செய்வார்கள். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஓடும். 5 லட்சம் அதற்குப் போதாமல் போகலாம். தீர்ந்த தொகையை மீண்டும் நிரப்பும் வசதி உங்கள் பாலிசியில் இருந்தாலும், அதே நோய்க்கு அது கிடைக்குமா என்று இன்றே படித்துப் பாருங்கள்.

அதனால் 4 லட்சத்தை வெளியே வையுங்கள். ஒன்றரை லட்சம், அப்பாவும் நீங்களும் சேர்ந்த சேமிப்புக் கணக்கில், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடு. மீதி வங்கி எஃப்.டி.யில், அதுவும் இருவர் பெயரிலும். முதிர்வுக்கு முன்பே ஒருவர் கையெழுத்தில் எடுக்கலாம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஐ.சி.யூ.வில் டிரிப்ஸ் ஏறும் கையைப் பிடித்து, எஃப்.டி. ரசீதில் கையெழுத்து வாங்க ஒரு மகன் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை கோணலாக விழுந்து, வங்கி ஏற்கவில்லை.

மீதி 8 லட்சத்தை அந்தத் திட்டத்தில் தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரே கணக்காக வேண்டாம், 4 லட்சமாக இரண்டு கணக்கு. பாதிப் பணம் மட்டும் எடுக்க அதில் வழியில்லை. ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, வாங்கிய வட்டியையும் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் போகும், அதன் பிறகு 1 சதவீதம்.

பாலிசியை மட்டும் விடவே விடாதீர்கள். புதிதாக எடுத்தால் இந்தக் கால் சிகிச்சைக்குப் பணம் தர 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். மாறியே ஆகவேண்டும் என்றால் போர்ட்டிங் செய்யுங்கள், அதாவது இருக்கும் பாலிசியையே வேறு நிறுவனத்துக்கு மாற்றுங்கள், காத்திருந்த காலம் வீணாகாது. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அறுவை சிகிச்சையை மறைக்காமல் எழுதுங்கள். புதிய நிறுவனம் மறுக்கலாம், அதனால் அவர்கள் எழுத்தில் சம்மதிக்கும் வரை பழையது நடப்பில் இருக்கட்டும். பிரீமியம் ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் காரணம் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2025 ஜனவரியிலேயே உத்தரவிட்டிருக்கிறது.