சித்தி எப்போது கெட்டவளாவாள்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பெயர் போட வேண்டாம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவருக்கு இது இரண்டாம் திருமணம். முதல் மனைவி நோயில் இறந்துவிட்டார். அவருடைய மகளுக்கு இப்போது எட்டு வயது. என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிப் பழக்கியதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அனிமேஷன் படம் பார்ப்போம். ஷ்ரெக், ஃப்ரோசன், பிரேவ் எல்லாம் பார்த்தாயிற்று. நான் சின்ன வயதில் படித்த கதைகள் மாதிரி இல்லை. இளவரசி வில் விடுகிறாள், இளவரசன் ஏமாற்றுக்காரனாக இருக்கிறான், ராட்சசன் நல்லவனாக இருக்கிறான். நல்ல மாற்றம்தான் என்று சந்தோஷப்பட்டேன். போன மாதம் பழைய சிண்ட்ரெல்லாவைப் போட்டேன். படம் முடிந்ததும் அவள் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "சித்தி, நீங்க எப்ப கெட்டவங்களா மாறுவீங்க?" குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. ஸ்கூல் எப்போது திறக்கும் என்று கேட்பதுபோல் கேட்டாள். கணவர் சிரித்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

இந்தப் படங்கள் தேவதைக் கதைகளைத் தலைகீழாக்கிவிட்டன என்கிறார்கள். எல்லாரையும் மாற்றியவர்கள் சித்தியை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்? இந்தக் கதைகளை அவள் கண்ணில் படாமல் வைப்பதா?

க.

அன்புள்ள க.,

முதலில் நானும் உங்கள் கணவரைப் போலச் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

உங்கள் மகள் நன்றாகக் கதை கேட்கத் தெரிந்தவள். கதையின் சட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சித்தி வந்தால் அடுத்து கொடுமை வர வேண்டும். இரண்டு வருடமாக வரவில்லை. ஏன் தாமதம் என்று விசாரிக்கிறாள், அவ்வளவுதான். உங்களைப் பற்றி அவளுக்கு எந்தப் புகாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

தலைகீழாக்கும் வேலை நாம் நினைப்பதைவிடப் பழையது. டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் வந்தது 1937 டிசம்பரில். ஆறே வருடம் கழித்து, 1943இல், டெக்ஸ் ஏவரி என்ற கார்ட்டூன் இயக்குநர் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ஒரு குட்டிப் படம் எடுத்தார். அதில் சிவப்புத் தொப்பிச் சிறுமி, பாட்டி, ஓநாய் மூவரும் படத்தின் தொடக்கத்திலேயே கதைசொல்லியிடம் சண்டைக்குப் போகிறார்கள். எத்தனை தடவைதான் இதே கதையை இதே மாதிரி சொல்வீர்கள், எங்களுக்குச் சலித்துவிட்டது என்கிறார்கள். கதைசொல்லி பணிந்துபோய்க் கதையை ஹாலிவுட்டின் இரவு விடுதிக்கு மாற்றிவிடுகிறார். ஆகவே 2001இல் ஷ்ரெக், தேவதைக் கதைப் புத்தகத்தின் தாளைக் கழிப்பறையில் கிழித்துப் பயன்படுத்தியதோடுதான் கலகம் பிறந்தது என்று சொல்ல முடியாது.

ஆனாலும் ஷ்ரெக்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பிரிவு புதிதாகத் தொடங்கியபோது அதை முதலில் வாங்கிய படம். சாபம் நீங்க முத்தம் வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, முத்தத்துக்குப் பிறகு இளவரசி ஃபியோனாவைப் பச்சை ராட்சசியாகவே விட்டுவிடுகிறார்கள். அவள் முகம் சுருங்குகிறது. நான் அழகாக அல்லவா மாறியிருக்க வேண்டும் என்கிறாள். அந்த ஒரு நொடிக்காகவே படத்தை இன்னொரு தடவை பார்க்கலாம். அப்புறம் ஒரு குறை. தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடாதே என்று சொல்லும் அதே படம், வில்லன் ஃபார்குவாட் குள்ளமாக இருப்பதை வைத்துத்தான் பாதி நகைச்சுவையை ஒப்பேற்றுகிறது. வில்லியம் ஸ்டைக் 1990இல் எழுதிய மூலக் குட்டிப் புத்தகத்தில் இந்தச் சிக்கலெல்லாம் இல்லை. அதில் இளவரசி ஆரம்பத்திலிருந்தே அவலட்சணம். இரண்டு பேருக்கும் அதில் ஏக சந்தோஷம்.

இப்போது உங்கள் கேள்வி. இந்தப் படங்கள் எதைத் தலைகீழாக்கின என்று பார்த்தால், பெரும்பாலும் 1937க்கும் 1959க்கும் நடுவில் ஒரே ஸ்டுடியோ எடுத்த மூன்று நான்கு படங்களைத்தான். பழைய கதைகளை அல்ல. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட்டில் முத்தமே கிடையாது. 1812இல் வந்த முதல் பதிப்பில், அவள் கிடக்கும் கண்ணாடிப் பெட்டியை இளவரசனுக்காக ஓயாமல் சுமந்து அலுத்துப்போன வேலைக்காரன் ஒருவன், செத்த பெண்ணுக்காக நாங்கள் ஏன் நாள் முழுக்கக் கஷ்டப்பட வேண்டும் என்று எரிச்சலில் அவள் முதுகில் ஓர் அடி வைக்கிறான். தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. தவளை இளவரசன் கதையிலும் முத்தம் இல்லை. இளவரசி தவளையைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். இதையெல்லாம் அப்படியே படமாக எடுத்தால் பகடி என்றுதான் நினைப்பார்கள்.

அதே முதல் பதிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுக்காகச் சொல்வது, குழந்தைக்கு வேண்டாம். பனிபோல் வெள்ளையாக, ரத்தம்போல் சிவப்பாக, கருங்காலிபோல் கறுப்பாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து ஆசைப்படுகிற ராணியும், பிறகு அந்தப் பிள்ளையின் அழகைப் பொறுக்காமல் கொல்லச் சொல்கிற ராணியும் ஒரே ஆள்தான். பெற்ற தாய். 1819இல் வந்த இரண்டாம் பதிப்பில் கதையை மாற்றினார்கள். பெற்றவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள், அரசன் ஒரு வருடம் கழித்து வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். காட்டில் பிள்ளைகளை விட்டுவரும் ஹான்சல், கிரெட்டல் கதையிலும் இதுவேதான். அங்கே பெற்ற தாய் 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். புத்தகம் குடும்பங்களில் குழந்தைகள் கைக்குப் போக ஆரம்பித்திருந்தது. தாய் என்ற சொல்லில் கறை படியக் கூடாது. யார் மேலாவது பழியைப் போட வேண்டும். போட்டார்கள்.

ஆக, நீங்கள் கேட்ட அந்தப் பாத்திரம் மாறாமல் கிடந்ததல்ல. மாற்றி வைக்கப்பட்டதுதான். இன்னொரு தடவை மாற்றத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. (நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? நிதி ஒதுக்கீடு குறைந்தால் மத்திய அரசு மாற்றாந்தாய் மனப்பான்மையோடு நடக்கிறது என்று அறிக்கை விடுகிறார்கள். எந்தக் கட்சியும் விலக்கில்லை.)

1950இல் வந்த சிண்ட்ரெல்லா படத்தின் சித்தியைக் கவனித்திருப்பீர்கள். மந்திரம் கிடையாது, விஷம் கிடையாது. இருட்டில் படுத்தபடி மெதுவாகப் பேசுகிறாள். கண் மட்டும் நகர்கிறது. ஃபிராங்க் தாமஸ் என்ற பெரிய கலைஞர் வரைந்த பாத்திரம். குரல் கொடுத்த எலினார் ஆட்லிதான் 1959இல் தூங்கும் அழகியின் சூனியக்காரிக்கும் குரல் கொடுத்தார். உங்கள் மகள் அந்தப் படத்துக்குப் பிறகு அப்படிக் கேட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. எனக்கு அந்தச் சூனியக்காரி மாறுகிற டிராகனைவிட இந்த அம்மாளைப் பார்த்தால்தான் பயம்.

புதிய படங்களுக்கு வருவோம். 2010இல் வந்த டாங்கில்ட் ரப்புன்சலின் கதை. இளவரசி வாணலியால் திருடன் மண்டையில் போடுகிறாள், துணிச்சல்காரி. ஆனால் அவளை வளர்த்த கோதல்? கிரிம் கதையில், கர்ப்பிணி மனைவி ஆசைப்பட்டாள் என்று அப்பாக்காரன் சூனியக்காரியின் தோட்டத்தில் கீரை திருடுகிறான், பிடிபட்டதும் பயந்துபோய், பிறக்கப்போகும் பிள்ளையைத் தருவதாக அவனே ஒப்புக்கொள்கிறான். படத்தில் பெற்றோர் மாசற்ற ராஜாவும் ராணியும். வளர்த்தவள் பிள்ளை திருடி. இந்த இடத்தில் புதுப்படம் பழைய கதையைவிட இரண்டு அடி பின்னால் நிற்கிறது. நாயகி கையில் வாணலியைக் கொடுத்துவிட்டால் மற்றதை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல.

ரொம்ப நாளாக எனக்கு உறுத்துவது இந்த அப்பாக்கள்தான். ஸ்னோ ஒயிட்டின் அப்பா எங்கே? மறுகல்யாணம் செய்துகொண்டதோடு கதையிலிருந்து காணாமல் போகிறார். ஹான்சலின் அப்பா பிள்ளைகளைக் காட்டில் விடச் சம்மதித்துக் கூடவே நடந்து போகிறார். கடைசியில் பிள்ளைகள் திரும்பி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். கிரிம் சிண்ட்ரெல்லாவில் அப்பா கதை முழுக்க உயிரோடு இருக்கிறார். செருப்போடு இளவரசன் வந்து, வீட்டில் வேறு பெண் இல்லையா என்று கேட்கும்போது, செத்துப்போன என் முதல் மனைவியின் பிள்ளை ஒன்று அடுப்படியில் கிடக்கிறது, அதுவாக இருக்காது என்று சொல்பவர் அவர்தான். டிஸ்னி அவரை ஆரம்பத்திலேயே சாகடித்துக் காப்பாற்றிவிட்டது. இளவரசனைக் கேலி செய்தாயிற்று, ராட்சசனை நாயகனாக்கியாயிற்று. ஷ்ரெக் இரண்டாம் பாகத்தில் வரம் தரும் தேவதையைக்கூட வில்லியாக்கிவிட்டார்கள். அடுப்படியில் ஒரு பெண் கிடக்கிறபோது நீ எங்கே போயிருந்தாய் என்று இந்த அப்பாக்களைக் கேட்கிற பெரிய படம் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

சித்தியை யாரும் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் மட்டும் அனிமேஷனாக 2007இல் வந்த என்சான்டட் படத்தின் நாயகி ஜிசெல், கடைசியில் ஆறு வயதுப் பெண் ஒருத்திக்குச் சித்தியாகிறாள். நல்ல சித்தி. 2022இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தப் பெண் வளர்ந்துவிட்டாள். எங்கள் வாழ்க்கை தேவதைக் கதை மாதிரி ஆகட்டும் என்று ஜிசெல் வரம் கேட்கிறாள். வரம் பலிக்கிறது. தேவதைக் கதையில் சித்தி என்றால் கொடியவள் அல்லவா, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அவளே கொடியவளாக மாறத் தொடங்குகிறாள். உங்கள் மகள் கேட்ட கேள்வியேதான். படம் சுமார், இழுவை. ஆனால் அந்த யோசனை அருமை.

டெஸ்பிக்கபிள் மீ மூன்றாம் பாகத்தில் லூசி வருகிறாள். தேவதைக் கதை இல்லைதான். மூன்று பெண்களுக்குத் திடீரென்று அம்மாவாகிவிட்டு, எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் சொதப்பிக்கொண்டே இருக்கிறாள். குழந்தைகளுக்கு அவள் சொதப்புவது பிடிக்கும். உங்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்த்த பிரேவ் படத்தையும் எல்லாரும் வில்லுக்காகவும் கல்யாணம் வேண்டாம் என்பதற்காகவும்தான் பாராட்டுகிறார்கள். எனக்குப் பெரிதாகத் தோன்றியது, இளவரசியின் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பது. மெரிடா கோபத்தில் சூனியக்காரியிடம் வாங்கி வந்த பணியாரத்தால் அம்மா கரடியாகிவிடுகிறாள். சண்டை பெற்ற தாய்க்கும் மகளுக்கும். சித்தி ஒருத்தியைக் கொண்டுவந்து பழியை அவள் தலையில் கட்டவில்லை. 1819இல் மூடிவைத்ததை இந்தப் படம் திறந்தது. கதையை உருவாக்கிய பிரெண்டா சாப்மனுக்குத் தன் மகளோடு நடந்த மல்லுக்கட்டுதான் அதற்கு மூலம். படம் பாதியில் இருக்கும்போது அவரை இயக்குநர் இடத்திலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரை அமர்த்தினார்கள். பிறகு ஆஸ்கரை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். 2013இல் மெரிடாவை டிஸ்னி இளவரசிகள் வரிசையில் சேர்த்தபோது இடுப்பைச் சிறுத்து, வில்லைப் பிடுங்கி, மினுமினுப்புத் துணி உடுத்தி ஒரு படம் வெளியிட்டார்கள். சாப்மனே கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். படத்தில் தலைகீழானது பொம்மைக் கடைக்குள் நுழைந்ததும் பழையபடி நேராகிவிடுகிறது.

ஒளித்து வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நீங்கள் ஒளித்தால் எப்படியும் தேடி எடுப்பாள். எடுத்த பிறகு, சித்தி ஏன் ஒளித்தாள் என்ற கேள்வி வேறு வரும். பாருங்கள். பார்த்துக்கொண்டே, இவளோட அப்பா எங்கே போனார் என்று நடுவில் ஒரு தடவை சும்மா கேட்டு வையுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

இன்னொரு படமும் சொல்கிறேன். ஃப்ரோசன் வந்த அதே 2013 நவம்பரில் ஜப்பானில் இயக்குநர் இசாவோ தகாஹாதாவின் இளவரசி ககுயா வெளிவந்தது. ஆயிரம் வருடப் பழங்கதை. அதில் யாரும் எதையும் தலைகீழாக்கவில்லை, தேவையும் இல்லை. ஐந்து பிரபுக்களையும் அரசனையும் வேண்டாம் என்று சொல்கிற பெண் மூலக் கதையிலேயே இருக்கிறாள். மூங்கில் வெட்டும் கிழவர் மூங்கிலுக்குள் கையளவுப் பெண்ணைக் கண்டெடுத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அது கைக்குழந்தையாகிப் பசியில் அழுகிறது. கிழவி அதைத் தூக்கிக்கொண்டு, பால் கொடுக்க ஆள் தேடி நடக்கிறாள். வழியில் அவள் மார்பிலேயே பால் சுரக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கொடுக்கிறாள். பின்னால் தலைநகரத்து மாளிகைக்குப் போன பிறகு, அப்பா பட்டும் பட்டமும் என்று அலைகிறார். இவள் மாளிகையின் பின்பக்கம் ஒரு சின்ன அடுப்படியும் தோட்டமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெண்ணுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் வந்து உட்கார அந்த இடம்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எட்டு வயதுக்கு நீளம். இரண்டு ஞாயிறாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் ஞாயிறு நிலாவிலிருந்து ஆட்கள் வரும் காட்சியில் அழுவாள், நீங்களும் அழுவீர்கள். அன்றைக்கு உங்கள் கணவரின் போனை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அன்புடன்.