லிஸ்ப்பில் டிரேஸ்: கேட்டவையும் சொன்னவையும்

(டிரேஸ் என்பது ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படுவதையும் அது தரும் விடையையும் அச்சிட்டுக் காட்டும் கருவி. எல்லாம் காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில், அதன் கம்பைலர்களில் ஒன்றான எஸ்பிசிஎல்லை வைத்து. நிரல்வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.)

கேள்வி: அண்ணா, விடை தப்பாக வருகிறது. ஃபங்ஷனுக்குள் பத்து இடத்தில் ஃபார்மேட் போட்டு அச்சடித்துப் பார்க்கிறேன். இதைவிட நல்ல வழி உண்டா?

பதில்: அந்தப் பத்தையும் அழித்துவிடுங்கள். வரியை அடித்ததும் ஓட்டி விடை காட்டும் ரெப்பில் (டிரேஸ் பெருக்கு) என்று ஒரு வரி போதும். பெருக்கு என்பது 1 முதல் கொடுத்த எண் வரை பெருக்க, தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் என்று வைத்துக்கொள்வோம். பிறகு (பெருக்கு 3) என்று அழைத்தால் இப்படி வரும்:

0: (பெருக்கு 3)
  1: (பெருக்கு 2)
    2: (பெருக்கு 1)
    2: பெருக்கு ரிட்டர்ன்ட் 1
  1: பெருக்கு ரிட்டர்ன்ட் 2
0: பெருக்கு ரிட்டர்ன்ட் 6

உள்ளே போனது என்ன, வெளியே வந்தது என்ன, எத்தனையாவது ஆழம், மூன்றும் தெரிந்துவிடும். சோர்ஸைத் தொடவே வேண்டாம். வேலை முடிந்ததும் (அன்டிரேஸ்). பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் எல்லா டிரேஸும் நீங்கும்.

கேள்வி: எனக்கு முதல் அழைப்பு மட்டும்தான் தெரிகிறது. ரிகர்ஷன், அதாவது தன்னைத் தானே அழைப்பது, நடக்கவில்லையா?

பதில்: நடக்கிறது. வேகமே முக்கியம் என்று கம்பைலருக்குச் சொல்ல, ஸ்பீட் 3 என்று டிக்லேர் செய்திருப்பீர்களே? டிரேஸ் உட்கார்ந்திருப்பது ஃபங்ஷனின் பெயரில். வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி, வாசல் வழியாக வருபவரைத்தான் அவரால் எண்ண முடியும். தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷனில் கம்பைலர் பெயரைத் தேடாமல் நேராகவே தாவலாம். காமன் லிஸ்ப்புக்கான 1994ஆம் ஆண்டு ஆன்சி தரமே அதை அனுமதிக்கிறது. நாட்இன்லைன் என்று டிக்லேர் செய்யுங்கள், அல்லது டிபக் அளவை 3 ஆக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

இன்லைன் ஆன, அதாவது அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதப்பட்ட, ஃபங்ஷனுக்கும் இதே கதைதான். இன்னொரு பொறி: டிரேஸ் போடும் முன்பே #'பெருக்கு என்று (பெயரை அல்ல, ஃபங்ஷனையே) எடுத்து ஹேஷ் டேபிளில் வைத்திருந்தால், அந்த அழைப்பும் பெயர் வழியாகப் போகாது. இதில் நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன். #' இல்லாமல் 'பெருக்கு என்று சிம்பலாகவே, அதாவது பெயராகவே, வைத்துவிட்டால், அதை அழைக்கும் ஃபன்கால் ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடித்தான் போகும், டிரேஸும் பிடிக்கும்.

கேள்வி: ஐயா, திரை முழுக்க ஆயிரக்கணக்கான வரிகள் ஓடுகின்றன. வேண்டியதைத் தேடவே முடியவில்லை.

பதில்: நிபந்தனை போடுங்கள் (இங்கே ‘வரி’ என்பது டிரேஸ் செய்யும் ஃபங்ஷனின் பெயர்):

(டிரேஸ் வரி :கண்டிஷன் (> (எஸ்பி-டிபக்:ஆர்க் 0) 100000))

முதல் ஆர்க்யுமென்ட் ஒரு லட்சத்தைத் தாண்டினால் மட்டும் அச்சாகும். :கண்டிஷனுக்குப் பதில் :பிரேக் என்று எழுதினால் அந்த நொடியில் டிபக்கர் திறக்கும். யார் அழைத்தார் என்று பேக்டிரேஸில் பார்க்கலாம். ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷனுக்குள்ளிருந்து வரும் அழைப்புகள் மட்டும் போதுமென்றால் :வேர்இன். இவை எஸ்பிசிஎல்லின் சொந்தச் சரக்கு, தரத்தில் இல்லை. வேறு லிஸ்ப் என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: மேக்ரோவுக்கும் டிரேஸ் போடலாமா?

பதில்: அதற்கு, மேக்ரோ எப்படி விரிகிறது என்று காட்டும் மேக்ரோஎக்ஸ்பேண்ட்-1 தான் சரியான கருவி. நிரலை வேறு நிரலாக விரிக்கும் மேக்ரோவின் வேலை கம்பைல் ஆகும்போதே முடிந்துவிடும், ஓடும்போது பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது.

கேள்வி: ஸ்லைமில் (ஈமேக்ஸ் எடிட்டருக்குள் லிஸ்ப் எழுத உதவும் கருவி) ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டுமா? ஈமேக்ஸின் சொந்த மொழியான ஈமேக்ஸ் லிஸ்ப்பில் டிரேஸ் உண்டா?

பதில்: ஸ்லைமில் ஃபங்ஷன் பெயரின்மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-டி (C-c C-t). மறுபடி அடித்தால் நீங்கும். ஈமேக்ஸ் லிஸ்ப்பில் டிரேஸ்-ஃபங்ஷன், மொத்தமாக நீக்க அன்டிரேஸ்-ஆல். ஆனால் சி மொழியில் எழுதப்பட்ட உள் ஃபங்ஷன்களை ஈமேக்ஸின் சி பகுதியே நேராக அழைத்தால், அங்கும் நம் காவலாளி கண்ணில் படாது.