பி.எட். பயிற்சியில் முதல் வகுப்பு எடுக்க எப்படித் தயாராவது?

நானும் இப்போது அந்த 16 வாரப் பள்ளிப் பயிற்சியில்தான் இருக்கிறேன். பாடக் குறிப்பேடு, சார்ட் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் அதிக நேரம் செலவிடுவது கேள்விகளைத் தயாரிக்க. 'புரிஞ்சுதா?' என்றால் வகுப்பே ஆமாம் போடும். '1/3 பெரிதா, 1/4 பெரிதா, ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். மூன்றைவிட நான்கு பெரிது, அதனால் 1/4 என்பார்கள் சிலர். அவர்களிடமிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

கேட்ட பிறகு மூன்று விநாடியாவது பொறுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். கூடுதலாகக் காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, தயங்கும் பிள்ளைகளும் பேசுகிறார்கள். அந்த அமைதியைத் தாங்குவது நமக்குத்தான் கடினம், வீட்டிலேயே பழகுங்கள். அப்புறம், முதல் நாளே யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள்.