மருத்துவர் பதில்: ஊசிக்கு முன் சொல்ல வேண்டிய பழைய ரிப்போர்ட்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் குளிசை போட்டும் கைவீக்கம் அடங்கவில்லை. ரிட்டுக்சிமாப் ஊசி ஏற்றலாம் என்கிறார்கள். முன்பு இரத்ததானம் செய்தபோது அவவுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு வருத்தமும் இல்லாததால் விட்டுவிட்டோம். "அதைச் சொன்னால் ஊசி போடமாட்டினம், வாயைத் திறக்காதை" என்கிறா. என்ன செய்வது?
- வாசகி, கோண்டாவில்

பதில்: சொல்லுங்கள் பிள்ளை, முதல் ஊசிக்கு முன்னரே சொல்லுங்கள். கிருமி இருக்கிறது என்பதற்காக வாதத்துக்கு வைத்தியம் இல்லையென்று ஆகிவிடாது. ஈரலுக்குக் காவல் போட்டுவிட்டுத் தொடங்கலாம்; தேவையென்றால் வேறு மருந்துக்கும் மாறலாம்.

இந்தக் கிருமி ஈரல் கலங்களின் கருவுக்குள் வருடக்கணக்காகப் பதுங்கியிருக்கும். அதை அடக்கி வைத்திருப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. ரிட்டுக்சிமாப் அந்தச் சக்தியின் ஒரு பகுதியையே அழிப்பதால் கிருமி மளமளவென்று பெருகும். பிறகு எதிர்ப்புச் சக்தி திரும்பும்போது கிருமி உள்ள ஈரல் கலங்களையே தாக்கும். செங்கண்மாரி வரும், சிலருக்கு ஈரல் செயலிழந்து உயிரும் போகும். இதனால்தான் 2013இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள்.

மேற்பரப்பு அன்டிஜன் (கிருமி இப்போது இருப்பதன் அடையாளம்), கோர் அன்டிபொடி (கிருமி எப்போதாவது தொற்றியதன் அடையாளம்), வைரஸின் அளவு, எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டுவது) ஆகியவற்றை இரத்தத்தில் பார்ப்பார்கள். அன்டிஜன் இல்லையென்று வந்தாலும் கோர் அன்டிபொடி இருந்தால் இந்த ஊசியில் ஆபத்து உண்டு. காவலுக்கு, கிருமியை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் குளிசை தருவார்கள். ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான்: ஊசி முடிந்ததும் "இனி என்னத்துக்கு?" என்று குளிசையையும் நிற்பாட்டிவிடுவார்கள். கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது ஒரு வருடமாவது அது தொடர வேண்டும்; நிறுத்தும் நாளை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கிருமி பல மாதம் கழித்தும் கிளம்பக்கூடியது.

இன்னொன்று. மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைத் தாக்கக்கூடியது. நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். அம்மா சொல்லக் கூச்சப்பட்டால் பழைய ரிப்போர்ட்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீங்களே நீட்டுங்கள். கிருமி இருப்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதித் தரவும் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வைத்தியர் பார்க்கும் இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

சரி, உங்கள் விஷயம். இலங்கையில் குழந்தைகளுக்கு இந்தக் கிருமிக்கான தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது; அதற்கு முன் பிறந்தவரென்றால் குழந்தையில் உங்களுக்கு அது கிடைத்திருக்காது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்தக் கிருமி தொற்றலாம். நீங்களும் சகோதரங்களும் அப்பாவும் ஒருமுறை இரத்தம் சோதியுங்கள். கிருமியும் எதிர்ப்பும் இல்லையென்றால் தடுப்பூசி போடுங்கள்.