ஓவியருக்கு முதல் இணையதளம்: முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். வயல், பனை, ஆற்றங்கரைக் காட்சிகளை நீர்வண்ணத்தில் வரைந்து விற்பதே என் பிழைப்பு. வாங்குவோரில் பாதிப் பேர் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்தார். மற்றவர்கள் பாலக்காடு, திருச்சூர்க்காரர்கள். எனக்கு இணையதளம் அமைத்துத் தர ஒரு நிறுவனம் 45,000 ரூபாய் கேட்கிறது. வாழ்நாள் முழுவதும் டொமைன் இலவசம், ஆன்லைன் கடை, மூன்று மொழிகள் என்கிறார்கள். எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக 3,000 ரூபாய். பாதித் தொகையை இப்போதே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இந்த விலைப்பட்டியலை இப்படியே ஏற்றுக்கொண்டு பணம் கட்ட வேண்டாம். தொகையைவிட எனக்குக் கவலை தருவது 'வாழ்நாள் டொமைன்' என்ற வாக்குறுதிதான். டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர். அதை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது, காலக்கெடு வைத்துப் பதிவு செய்துகொள்ளத்தான் முடியும். டாட் காம் பெயரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதியலாம். ஆகவே, அந்த நிறுவனம் தனக்கு மனமும் வசதியும் உள்ளவரை ஆண்டுதோறும் புதுப்பித்துத் தரும் என்பதற்கு மேல் அந்த வாக்குறுதிக்குப் பொருள் கிடையாது. இலவசம் என்று கொடுக்கும்போது பெரும்பாலும் பதிவும் அவர்கள் பெயரிலேயே இருக்கும். நாளைக்கு வேறொருவரிடம் வேலையைக் கொடுக்க விரும்பினால், விசிட்டிங் கார்டிலும் ஓவியத்தின் பின்பக்கத்திலும் நீங்கள் அச்சடித்து ஒட்டிய முகவரி உங்கள் கையில் இருக்காது.

எனவே டொமைனை நீங்களே பதிவு செய்யுங்கள். கைப்பேசியும் யுபிஐயும் இருந்தால் சில நிமிட வேலைதான். டாட் காம், டாட் இன் பெயர்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். முதல் ஆண்டுக்கு 99 ரூபாய் என்ற விளம்பரத்தைக் கண்டால், அடுத்த ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணம் என்ன என்பதையே பாருங்கள். ஹோஸ்டிங்குக்கும், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் இடத்துக்கான வாடகைக்கும், இதே எச்சரிக்கை பொருந்தும்; அதில் புதுப்பிப்புக் கட்டணம் முதல் கட்டணத்தைப் போல இரண்டு மூன்று மடங்காக உயர்வது சாதாரணம். பதிவில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் கைப்பேசி எண் மட்டுமே இருக்கட்டும்.

எஸ்எஸ்எல் சான்றிதழ் என்பது, தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி காப்பதற்கானது. அதற்குக் கேட்கும் 3,000 ரூபாயைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாகவே வழங்குகிறது. உங்களைப் போன்றவரின் தளத்துக்கு அதுவே போதும்.

ஆன்லைன் கடையும் இப்போது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரே ஓவியத்தைப் பத்துப் பேருக்கு விற்கப் போவதில்லை. விற்றால் அதோடு முடிந்தது. விலை போட்டு, வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்கும்படி ஒரு பொத்தான் வைத்து, யுபிஐயில் பணம் பெற்றுக்கொண்டால் போதும். பேமென்ட் கேட்வே, அதாவது தளத்திலேயே பணம் வாங்கித் தரும் சேவை, வைத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் ஏறத்தாழ 2 சதவீதம் கழிவும், அந்தக் கழிவின்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் போகும்.

எல்லையில் இருப்பவர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிக்கு அனுப்பும் ஓவியம் உங்களுக்கு அடுத்த ஊர்ச் சரக்காகத் தோன்றலாம். ஜிஎஸ்டி சட்டத்தில் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அப்படிச் சரக்கு விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பொதுவாகப் பதிவு பெற வேண்டும். கைவினைப் பொருள் செய்வோருக்கு வரம்புக்கு உட்பட்ட விலக்கு உண்டு. கையால் வரைந்த ஓவியங்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆனால் விலக்கைப் பெற பான் எண்ணும், அனுப்பும் சரக்குக்கு இ-வே பில் என்ற இணையவழிச் சரக்குச் சீட்டும் வேண்டும். உங்கள் நிலையைக் கணக்காளர் ஒருவரிடம் ஒருமுறை காட்டித் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகு வெளிமாநில விற்பனையைத் தளத்தில் அறிவியுங்கள்.

உண்மையில் பணமும் பொறுமையும் செலவிட வேண்டிய இடம் புகைப்படம். எவ்வளவு அழகான வடிவமைப்பையும் நீலம் பாய்ந்த, கோணலான படங்கள் கெடுத்துவிடும். வடிவமைப்பாளரிடம் போகும் முன்பே இருபது ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, நேர்வெயில் படாத திண்ணையில் ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்தி, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். லென்ஸ் ஓவியத்தின் நடுமையத்துக்கு நேராக இருக்கட்டும். மிக அருகில் நின்று எடுத்தால் ஓரக்கோடுகள் வெளிப்புறமாக வளையும்; நாலடி தள்ளி நின்று சற்றே ஜூம் செய்தால் நேராக நிற்கும். ஓவியத்தின் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளையும் சேர்த்துப் படமெடுங்கள். திரையில் அந்தத் தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால், அது வெள்ளையாகும்வரை நிறத்தைத் திருத்திவிட்டுப் பிறகு தாளை வெட்டி நீக்கலாம். நீர்வண்ணத்தில் இது மிக முக்கியம். வெயிலில் காய்ந்த வைக்கோலின் மெல்லிய மஞ்சள் சற்று மாறினாலும், பார்சலைப் பிரித்தவர் ஏமாந்ததாக நினைப்பார். மூலப்படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நீளப்பக்கம் 1,500 முதல் 2,000 பிக்சல் வரை சுருக்கிய பிரதியை மட்டும் தளத்தில் ஏற்றுங்கள். பக்கம் விரைவாகத் திறக்கும், பெரிய அளவில் அச்சடித்துத் திருடுவதும் கடினமாகும். ஒவ்வொரு படத்தின் கீழும் தலைப்பு, சென்டிமீட்டரில் அளவு, வண்ணமும் தாளும், வரைந்த ஆண்டு, விலை ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். விற்றதை நீக்காமல் 'விற்பனையானது' என்று குறிப்பிட்டால், உங்கள் ஓவியங்களை மற்றவர்களும் வாங்குகிறார்கள் என்பது புதியவருக்குத் தெரியும்.

மூன்று மொழிகளில் முழுத் தளம் என்றால், ஒவ்வொரு திருத்தத்தையும் மூன்று முறை செய்ய வேண்டிவரும். உங்களைப் பற்றிய ஒரு பக்கத்தை மட்டும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் யூனிகோடில்தான், அதாவது எல்லாக் கருவிகளிலும் ஒரேபோலத் தெரியும் பொதுக் குறியீட்டு முறையில்தான், இருக்க வேண்டும். தளத்திலுள்ள ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது தமிழாகவே வந்தால் சரி.

இவ்வளவையும் கழித்துவிட்டால் உங்களுக்கு வேண்டியது நான்கைந்து பக்கங்கள் கொண்ட சிறு தளம்தான். அதற்குப் புதிதாக இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நிர்வாகப் பாஸ்வேர்டும் கோப்புகளின் முழுப் பிரதியும் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை. ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதையும், வடிவமைப்பின் உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தாலொழிய உரிமை கைமாறாது. இதே விதி உங்களுக்கும் காவல்தான்: ஓவியத்தை விற்ற பிறகும், எழுதிக் கொடுக்காதவரை, அதைப் படியெடுக்கும் உரிமை உங்களுடையதே. உங்கள் ஓவியங்களைத் தங்கள் விளம்பரத்தில் பயன்படுத்த நிறுவனத்துக்கு அனுமதி இல்லை என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்தில் நான் சுடுமண் சிற்பங்கள் செய்து விற்கிறேன். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் என் தளத்தை அமைத்துத் தந்து, ஆண்டுதோறும் பணமும் வாங்கி வந்தார். டொமைன் அவர் பெயரில் இருக்கிறது. அடுத்த மாதம் காலாவதியாகிறது. இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. என்ன செய்வது?

பதில்: காலாவதி நாள்வரை காத்திருக்காதீர்கள். ஹூஇஸ் என்ற டொமைன் விவரத் தேடலில் உங்கள் தள முகவரியைப் போட்டால், எந்தப் பதிவு நிறுவனத்தின் வழியாகப் பதிவானது, என்றைக்கு முடிகிறது என்பவை தெரியும். டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றும்படியும், டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான இடமாற்றக் குறியீட்டைத் தரும்படியும் கேட்டு அவருக்கு மின்னஞ்சலும், சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட் தபாலும் அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீதுகளையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் சேர்த்து வையுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அவர் தமிழ்நாட்டில் இருப்பதால் அங்கே போய் வழக்காட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் தருபவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பவர் நீங்கள் என்பதைப் புகாரின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால், வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவை என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும்.

வழக்கு முடியக் காலம் பிடிக்கும். தளம் திறந்திருக்கும்போதே படங்களையும் எழுத்துகளையும் இன்றே இறக்கி வைத்துக்கொண்டு, உங்கள் பெயரில் வேறொரு டொமைனைப் பதிந்து, அந்தப் புதிய முகவரியைப் பழைய வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.