மர்ம விருந்துக்கு பஸ் கண்டக்டர் வேஷம் போட என்னென்ன வேண்டும்?

மர்ம விருந்து என்பது, கற்பனைக் குற்றம் ஒன்றை விருந்தினர்களே ஆளுக்கொரு வேஷத்தில் துப்புத் துலக்கும் விளையாட்டு. தெருக்கூத்தில் கிரீடத்தைப் பார்த்தே துரியோதனனைக் கண்டுகொள்வது போல, வந்தவுடன் ஆள் யாரென்று தெரியவேண்டும்; பேசி விளக்கிக்கொண்டிருந்தால் ஆட்டம் இழுத்துவிடும்.

தமிழ்நாட்டு கண்டக்டருக்குத் தோளில் குறுக்காகத் தொங்கும் தோல் பை, விசில், காதில் பேனா, இடது கையில் டிக்கெட் கட்டு. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுங்கள். புது நோட்டு வழுக்கும், கசங்கியதுதான் நிற்கும். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் கிளம்ப. மாற்றி ஊதினால் பஸ்ஸில் போனவர்கள் சிரித்துவிடுவார்கள். டிக்கெட்டின் பின்புறம் ‘பாக்கி 7’ என்று கிறுக்கிக் கொடுத்தால் அதுவே அருமையான துப்பு.

காக்கிச் சட்டை மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பை இல்லாத காக்கியைப் போலீஸ் என்றோ ஆட்டோ டிரைவர் என்றோதான் எடுத்துக்கொள்வார்கள்.