'சார்' போடாவிட்டால்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஆறு மாதமாகத் தியானம் செய்கிறேன். ஆனாலும் யாராவது 'சார்' போடாமல் பேசினால் சுருக்கென்கிறது. இந்த 'நான்' எப்போது போகும்?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அந்தச் சுருக் எனக்கும் தெரியும். வங்கி மேலாளராக ஓய்வுபெற்ற மறுவாரம், செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில் ஒரு பையன், "பெருசு, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றான். டீ ஆறும்வரை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தோன்றியது: கோபப்பட்டது நானா, மேலாளரா? 1896-இல் மதுரையில், 16 வயது வேங்கடராமன் 'சாவது யார்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பின்னாளில் ரமணர் ஆனார். (என் கேள்வி டீக்கடை அளவுதான்.) 'எப்போது போகும்' என்று கால அட்டவணை கேட்பதும் உங்களுக்குள் இருக்கும் தலைமை ஆசிரியர்தான். சரி, ஏற்காடு போனால் சேர்வராயன் கோயில் குகைக்குள் போய் வாருங்கள். குனிந்துதான் போக வேண்டும். நான் நெற்றியை இடித்துக்கொண்டேன்.